இளம்பருவத்தினரும் தமிழ் நாவலும்: தேர்வுக்கு ஓர் அளவுகோல்

அம்புலிமாமாவைக் கடந்துவிட்டவரும், பெரியவர்களுக்கென்று எழுதப்பட்ட நாவல்களின் உலகில் இன்னும் காலடி வையாதவருமான 13 வயது முதல் 19 வயது வரையிலான வாசகர்களுக்கு எந்த நாவலைக் கொடுப்பது என்பது, பெற்றோரும் ஆசிரியரும் நூலகரும் அடிக்கடி எதிர்கொள்ளுகிற, எனினும் நம் இலக்கிய விமரிசனம் போதிய கவனம் செலுத்தாத ஒரு கேள்வியாகும். 1950ஆம் ஆண்டில் தோன்றிய குழந்தை எழுத்தாளர் சங்கமும், அழ. வள்ளியப்பா முதலானோரின் அயராத உழைப்பும் குழந்தை இலக்கியத்துக்கு ஒரு தனி இடத்தைத் தேடித் தந்தன. வளர்ந்தோர்க்குரிய நாவலுக்கோ, க.நா. சுப்ரமண்யம் தொடங்கி இன்றுவரை தரம் பிரித்துச் சொல்லும் விமரிசகர்களின் வரிசை ஒன்று உண்டு. இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கிற வாசகருக்கு வழிகாட்டுவோர் அரியர்.

இக்கேள்விக்கு நம் குடும்பங்களிலும் பள்ளிகளிலும் வழக்கமாகக் கிடைக்கிற விடைகள் இரண்டு. நற்குணங்களைப் போதிக்கும் நூலைக் கொடு என்பது ஒன்று. காதல், வன்முறை, சாதி, மரணம் ஆகியவற்றைப் பேசும் நூலை மறைத்து வை என்பது மற்றொன்று. இரண்டும் அன்பிலிருந்து பிறந்தவையே; ஆயினும், இளம் வாசகர் தாமாகச் சிந்திக்க வல்லவர் என்பதை ஒப்புக்கொள்ளத் தயங்குகிற மனோபாவம் இரண்டிலும் உண்டு. தம்மைச் சுற்றியுள்ள பெரியவர்களின் சொல்லுக்கும் செயலுக்கும் இடையே உள்ள தூரத்தை ஒருவர் முதன்முதலாக அளந்து பார்க்கத் தொடங்குகிற பருவம் இது. ஆகவே, ஒரு நாவல் எந்த நீதியைப் புகட்டுகிறது என்று பார்ப்பதைக் காட்டிலும், மனித வாழ்வின் ஒரு சிக்கலை முழுமையாகக் கண்முன் நிறுத்திவிட்டு, தீர்ப்புச் சொல்லும் பொறுப்பை வாசிப்பவரிடமே நம்பி ஒப்படைக்கிறதா என்று பார்ப்பதே தேர்வின் முதல் அளவுகோலாதல் வேண்டும் என்பது இக்கட்டுரையின் துணிபு. அந்த அளவுகோலுக்கு நிற்கக்கூடிய நாவல்கள் நம் மொழியில் இருக்கின்றன என்பதைக் காட்டுவதும் இதன் நோக்கமாகும்.

பருவமும் பத்திரிகையும்

தமிழ் நாவலின் தொடக்க காலத்தை நோக்குவோமாயின், அதன் இயல்பிலேயே உபதேசம் கலந்திருந்ததைக் காணலாம். மாயூரம் வேதநாயகம் பிள்ளை 1879இல் வெளியிட்ட ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ கதையோட்டத்தை நிறுத்தி நீதியுரைக்கும் இடங்கள் பல. அவருக்குப் பின்வந்த அ. மாதவையா, 1903இல் வெளியான ‘முத்துமீனாட்சி’யில் வேறொரு வழியை மேற்கொண்டார்; பால்ய விவாகத்துக்கு ஆட்பட்டு விதவையான ஒரு பெண் தன் கதையைத் தானே எடுத்துரைப்பதாக அதை அமைத்தார். அப்பெண்ணின் வயதைக் கணக்கிட்டுப் பார்த்தால், கதையின் பெரும்பகுதியில் அவள் இன்றைய பள்ளி மாணவியின் பிராயத்தினளே. ஆயினும் குழந்தைமையிலிருந்து நேரே மருமகளாகவும், மருமகளாயிருந்து நேரே கைம்பெண்ணாகவும் தள்ளப்பட்ட அவளுக்கு இளம்பருவம் என்று ஒன்று வாய்க்கவே இல்லை. பெண்ணின் திருமண வயதைக் குறைந்தது 14 என்றும் ஆணுடையதை 18 என்றும் வரையறுத்த சாரதா சட்டம் 1929இல்தான் நிறைவேறியது. உயர்நிலைப் பள்ளிகள், அவற்றிலும் குறிப்பாகப் பெண்கள் பள்ளிகள், ஊர்தோறும் பரவிய பின்னரே, குழந்தையும் அல்லாத, குடும்ப பாரத்தை ஏற்றவரும் அல்லாத ஒரு பருவத்தினர் நம் சமூகத்தில் பெருவாரியாகத் தோன்றினர். எனவே, இவர்களுக்கென்ற தனி இலக்கியம் நம்மிடம் மெலிந்திருப்பதில் வியப்பில்லை. அந்த வாசகரே சரித்திர ரீதியில் புதியவர்.

தனி இலக்கியம் இல்லாத குறையை நெடுங்காலம் பத்திரிகைகள் நிரப்பின. வாரந்தோறும் வீட்டுக்கு வந்த கல்கியும் ஆனந்த விகடனும் பாட்டி முதல் பேத்தி வரை கைமாறின. தொடர்கதையின் பக்கங்களைக் கிழித்தெடுத்துச் சேர்த்து பைண்டு செய்து வைக்கும் வழக்கம் ஊரெங்கும் இருந்தது. இளையோருக்கென்றே கலைமகள் காரியாலயத்திலிருந்து ஆர்வியை ஆசிரியராகக் கொண்டு ‘கண்ணன்’ வந்தது, தமிழ்வாணனின் ‘கல்கண்டு’ம் அவர் படைத்த துப்பறிவாளர் சங்கர்லாலும் பள்ளி மாணவர்களைக் கவர்ந்தனர், 1972இல் இரும்புக்கை மாயாவியோடு முத்து காமிக்ஸ் புறப்பட்டது. இவற்றின் இலக்கியத் தரத்தைப் பற்றி அபிப்பிராய பேதம் இருக்கலாம். ஆனால் ஒரே கதையை ஒரே வாரத்தில் ஒரு வீட்டின் மூன்று தலைமுறையினரும் வாசித்து விவாதித்தபோது, பரிந்துரை என்ற தனிக் காரியத்துக்கு அவசியமே எழவில்லை. எது நன்றாயிருக்கிறது என்பதும், எது ஏன் மனத்தை உறுத்துகிறது என்பதும் சாப்பாட்டு நேரத்துப் பேச்சிலேயே தெளிவாயின. தொடர்கதைகள் தேய்ந்து, வீட்டில் அனைவரும் ஒன்றையே வாசிக்கும் வழக்கமும் அருகிவிட்ட இக்காலத்தில், அந்தப் பேச்சு செய்துவந்த வேலையை ஒருவர் மனமறிந்து மேற்கொண்டாக வேண்டியிருக்கிறது. சாகித்ய அகாதெமி 2010 முதல் வழங்கிவரும் பால சாகித்ய புரஸ்காரும், அதனைப் பெற்ற யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ போன்ற துணிவான நூல்களும் சிறுவர் இலக்கியத்துக்குப் புத்துயிர் அளித்திருப்பது உண்மையே. எனினும் அவற்றை வாசித்து முடித்த 14 வயது வாசகர் அடுத்து எங்கே செல்வது என்பதே நம் முன் நிற்கும் பிரச்சினை.

ரங்கநாதன் வகுத்த நெறி

சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பணியாற்றிய எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்து. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் உண்டு என்பது அவற்றில் இரண்டாவது. ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு என்பது மூன்றாவது. நூலகத் துறைக்கு அப்பாலும் இவ்விரு விதிகளும் ஆழ்ந்த பொருளுடையவை. சிரேஷ்டமான நூல்களின் பட்டியல் ஒன்றை எழுதிச் சுவரில் ஒட்டிவிடுவதோடு பரிந்துரை முடிந்துவிடுவதில்லை என்றும், கேட்பவர் யார், இதுவரை எதை விரும்பி வாசித்தார், எந்த ஊர்ப் பேச்சைக் கேட்டு வளர்ந்தார், எந்தத் துக்கத்தை அல்லது எந்த ஆவலை உள்ளே வைத்திருக்கிறார் என்பதை ஓரளவேனும் அறிந்தே நூலை எடுத்து நீட்ட வேண்டும் என்றும் அவை நமக்கு உணர்த்துகின்றன. சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948இல் சென்னை மாகாணத்தில் நிறைவேறுவதற்கு ரங்கநாதனின் முயற்சியே அடிப்படை. அச்சட்டத்தின் பயனாக ஊர்தோறும் எழுந்த கிளை நூலகங்களில் இவ்விதிகள் முழுமையாகக் கைக்கொள்ளப்படுமாயின், இளம் வாசகரின் பிரச்சினையில் பாதி தீர்ந்துவிடும்.

முன்னர்க் கூறிய முதல் அளவுகோலோடு இன்னும் இரண்டைச் சேர்த்துக்கொள்ளலாம். கதை தன் வேகத்தினாலேயே வாசகரை இழுத்துச் செல்ல வேண்டும் என்பது ஒன்று. பொறுமை பழகாத பிராயத்தினரிடம் பொறுமையை முன்கூட்டியே கடனாகக் கேட்பது உசிதமன்று. கதையின் மையத்தில் இளம்பருவத்தினர் ஒருவர் இருப்பாராயின் நன்று என்பது மற்றொன்று. இது கட்டாயமன்று, ஆயினும் தம் வயதினர் ஒருவரின் கண்வழியே உலகம் விரியும்போது, பார்க்கிற பொறுப்பும் தம்முடையதே என்பதை வாசகர் எளிதில் உணருகிறார்.

தொடக்கப் படிகள்

நாவல் வாசிப்பில் பழக்கமே இல்லாதவருக்கு இரா. நடராசனின் ‘ஆயிஷா’ என்ற குறுநாவலினும் சிறந்த வாயில் இல்லை. கணையாழி குறுநாவல் போட்டியில் பரிசு பெற்ற அச்சிறு படைப்பு, ஓயாது கேள்வி கேட்கும் ஒரு மாணவியின் கதையை, அவளுக்கு விடை சொல்ல முடியாமற்போன ஓர் ஆசிரியையின் குரலில் கூறுகிறது. ஒரே அமர்வில் வாசித்து முடிக்கத்தக்க அதனை முடித்தபின், வகுப்பறையில் அடி வாங்கிய அனுபவமுள்ள எந்த மாணவரும் பேசாமல் இருக்கமாட்டார். அந்தப் பேச்சே அடுத்த நூலுக்கு வழியாகும்.

கல்கியின் ‘பொன்னியின் செல்வ’னைப் பற்றிப் புதிதாகச் சொல்லுவதற்கு என்ன இருக்கிறது என்று சிலர் கருதக்கூடும். 1950 முதல் 1954 வரை தொடராக வந்து ஐந்து பாகங்களாக விரிந்த அந்நாவல், ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையேறி வருகிற ஓர் இளைஞனோடு தொடங்கி, அவனை ஓரிடத்திலும் ஓய்ந்திருக்க விடாமல் ஓட்டுகிறது. வந்தியத்தேவன் குற்றமற்ற வீரன் அல்லன்; அவசரக்காரன், வேண்டியபோது தயங்காமல் பொய் சொல்லுகிறவன், பேச்சினால் சிக்கலில் மாட்டிக்கொண்டு பேச்சினாலேயே தப்புகிறவன். இளம் வாசகர் அவனை நேசிப்பதற்குக் காரணமும் அதுவே. இவற்றுக்கெல்லாம் மேலாக, ஆதித்த கரிகாலனைக் கொன்றவர் யார் என்ற கேள்விக்குக் கல்கி ஐயத்துக்கிடமில்லாத விடை எதையும் அளிக்கவில்லை என்பது நம் நோக்கத்துக்கு மிகவும் முக்கியமானது. நாவலை முடித்த மாணவரிடம், கொலையில் சம்பந்தப்பட்ட ரவிதாசன் முதலானோரின் பெயர்களைத் தாங்கிய உடையார்குடிக் கல்வெட்டைப் பற்றியும், உத்தம சோழன்மீது ஐயம் கொண்ட கே.ஏ. நீலகண்ட சாஸ்திரியாரும் அதை மறுத்த தி.வை. சதாசிவ பண்டாரத்தாரும் அதே சான்றுகளிலிருந்து வெவ்வேறு முடிவுக்கு வந்ததைப் பற்றியும் எடுத்துச் சொன்னால், கதை ரசனையிலிருந்து சரித்திர ஆராய்ச்சிக்குச் செல்லும் பாதை அவருக்குத் திறந்துவிடும்.

சரித்திரத்தில் நாட்டமில்லாது விஞ்ஞானத்தில் நாட்டமுள்ளவருக்கு, 1980களில் ஆனந்த விகடனில் வெளியான சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ உரியது. 2021ஆம் ஆண்டில் ஜீவா என்னும் சர்வாதிகாரியின் ஆட்சியில் நிகழ்வதாக அமைந்த அக்கதையில், குழந்தை பெறுவதற்கும் அரசின் அனுமதி வேண்டும். காணாமற்போன கணவனைத் தேடும் நிலாவுக்குத் துணையாய் நிற்பது ஜீனோ என்ற இயந்திர நாய். சொற்சிக்கனமும் வேகமும் மிகுந்த அந்நடை வாசகரைக் களைப்படைய விடுவதில்லை. அதே சமயத்தில், அரசுக்குக் கீழ்ப்படிவது எதுவரையில் கடமை, எங்கே அது குற்றமாகிறது என்ற கடினமான வினாவை, கொள்கை விளக்கம் ஏதுமின்றி, ஓர் இயந்திரத்தின் சிந்தனை வளர்ச்சியின் மூலமாகவே அது எழுப்பிவிடுகிறது.

நடுப் படிகள்

இவற்றைக் கடந்தவருக்கு நான் தயக்கமின்றிப் பரிந்துரைப்பது அசோகமித்திரன் 1977இல் வெளியிட்ட ‘18வது அட்சக்கோடு’. செகந்தராபாத் லான்சர் பாரக்ஸில் குடியிருக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் பையன் சந்திரசேகரன். தந்தை நிஜாம் ரயில்வேயில் உத்தியோகம். அவனுக்கோ கிரிக்கெட்டும், கல்லூரிக்குச் சைக்கிளில் போவதும், வீட்டுப் பசுவைக் கவனிப்பதுமே அன்றாடக் கவலைகள். நாடு சுதந்திரம் பெற்றபோது ஹைதராபாத் சமஸ்தானம் இந்தியாவோடு இணைய மறுத்ததும், ரஜாக்கர்களின் எழுச்சியும், 1948 செப்டம்பரில் இந்திய ராணுவம் நுழைந்ததும் ஆகிய பெருநிகழ்ச்சிகள் அச்சிறு கவலைகளின் இடைவெளிகள் வழியாகவே கதைக்குள் மெல்ல நுழைகின்றன. தான் யார் பக்கம் என்பதை அவனே அறியாதிருக்கையில், அவனுடைய பெயரும் மொழியும் அவனுக்கு ஒரு பக்கத்தை நிர்ணயித்துவிடுகின்றன. வென்ற பக்கத்தினர் பழிதீர்க்கப் புறப்பட்ட ஓர் இரவில், தற்செயலாக ஒரு வீட்டுக்குள் புகுந்துவிடும் அவன் அங்கே காணும் காட்சி, தன் சமூகத்தாரின் வெற்றி எத்தகையது என்பதை அவனுக்கு ஒரு கணத்தில் புலப்படுத்திவிடுகிறது. ஆசிரியர் அங்கே ஒரு வார்த்தைகூட உபதேசிக்கவில்லை. அக்காட்சி கடுமையானதுதான், ஆனால் மதக் கலவரம் என்ற சொல்லைச் செய்தித்தாளில் அன்றாடம் காண்கிற 16 வயது வாசகருக்கு, அச்சொல்லின் உட்பொருளை இவ்வளவு நேர்மையாகக் காட்டவல்ல நூல் தமிழில் வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அதே பருவத்தின் பெண் பக்கத்தை அறிவதற்கு ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’ (1964) கைகொடுக்கிறது. திருவனந்தபுரத்தில் ஆங்கிலப் பேராசிரியையாக இருந்த அவர், குமரி மாவட்டத்துப் பனங்காட்டுக் கிராமத்தின் பேச்சையும் வழக்கங்களையும் உள்ளிருந்து அறிந்து எழுதினார். செல்வம் தேய்ந்தும் பெருமை தேயாத ஒரு வீட்டின் பெண்ணாகிய லிஸி, வயதுக்கு வந்ததும் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டு வீட்டுக்குள் அமர்த்தப்படுகிறாள். பனையேறியின் மகன் தங்கராஜிடம் அவளுக்கு உண்டாகும் அன்பு, ஆரவாரமின்றி, விட்டுக்கொடுக்காமல் வளருகிறது. அவள் கலகக்காரியாகச் சித்திரிக்கப்படவில்லை. காத்திருப்பவள், பயப்படுபவள், ஆயினும் தன் மனத்தைத் தானே அறிந்தவள். காதலைத் திரைப்படங்களின் வழியாக மட்டுமே அறிந்திருக்கிற பிராயத்தினருக்கு, காதல் என்பது பொறுமையும் மரியாதையும் கலந்த ஒரு நீண்ட தீர்மானம் என்பதை இந்நாவல் நிரூபணம் எதுவுமின்றி நம்பவைக்கிறது. இதனோடு சேர்த்து, தூத்துக்குடி உப்பளங்களில் கள ஆய்வு செய்து ராஜம் கிருஷ்ணன் எழுதிய ‘கரிப்பு மணிக’ளையும் (1979) வாசிக்கக் கொடுத்தால், பள்ளியிலிருந்து நேரே உழைப்புக்குள் தள்ளப்படும் பெண்களின் வாழ்வும் கண்ணுக்குத் தெரியவரும்.

மேற்படிகள்

பூமணியின் ‘வெக்கை’ (1982), தன் அண்ணனைக் கொன்றவனை வெட்டிவிட்டு இரவோடிரவாகத் தப்பி ஓடும் 15 வயதுச் சிதம்பரத்தின் கதை. ‘அசுரன்’ திரைப்படத்தின் மூலமாக இக்கதையை அறிந்தவர் இன்று பலர்; ஆனால் நாவலின் பெருமை கொலையில் இல்லை, கொலைக்குப் பிந்திய நாட்களில் இருக்கிறது. தகப்பனும் மகனும் கரிசல் காடுகளிலும் குன்றுகளிலும் ஒளிந்து திரிகையில், கிடைத்ததைப் பிடித்துச் சமைப்பதும், உறவினரைப் பற்றிப் பேசுவதும், பழங்கதைகளை நினைவுகூர்வதுமாகக் காலம் நகருகிறது. தகப்பன் மகனை வீரனென்று கொண்டாடவும் இல்லை, பாவியென்று சபிக்கவும் இல்லை. பழிக்குப் பழி என்பதன் பாரத்தைச் சுமப்பது எப்படி என்பதை ஒரு சிறுவன் மெல்ல மெல்ல அறிந்துகொள்ளும் விதம், வன்முறையைக் கேளிக்கையாகக் காட்டும் ஆயிரம் காட்சிகளுக்கு மாற்று மருந்தாகும்.

பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’ (2000) கொங்கு நாட்டு மேட்டுக்காடுகளில் ஆடு மேய்க்கும் பிள்ளைகளின் உலகம். பண்ணையத்தில் வேலைக்கு விடப்பட்ட கூளையனும், நெடும்பன், வவுறி, செவிடி, மொண்டி ஆகிய அவன் கூட்டாளிகளும் நாள் முழுதும் விளையாடுகிறார்கள், சண்டையிடுகிறார்கள், பசியைப் பகிர்ந்துகொள்ளுகிறார்கள். பண்ணையாரின் மகன் செல்வனும் அவர்களோடு விளையாடுகிறான்; ஆனால் விளையாட்டு எந்தக் கணத்திலும் கட்டளையாக மாறிவிடக்கூடும். சாதி என்பதைச் சமூக அறிவியல் பாடத்தில் ஒரு தலைப்பாகப் படித்த மாணவர், இரண்டு சிறுவர்களின் நட்புக்கு உள்ளேயே அது எவ்வாறு குடியிருக்கிறது என்பதை இங்கே பிரத்தியட்சமாகக் காண்கிறார்.

இவ்வரிசையில் அயல்மொழி நூல்கள் இரண்டுக்கும் இடம் உண்டு. வைக்கம் முகம்மது பஷீர் 1944இல் மலையாளத்தில் எழுதிய ‘பால்யகால சகி’யில், ஒன்றும் ஒன்றும் எத்தனை என்று கேட்ட ஆசிரியரிடம், இரு சிற்றாறுகள் கூடிச் சற்றுப் பெரிய ஓர் ஆறாவதைக் கண்ட மஜீத், அது சற்றுப் பெரிய ஓர் ஒன்றுதான் என்று சொல்லித் தண்டனை பெறுகிறான், அவனுக்கும் சுகறாவுக்கும் இடையே மலர்ந்த நட்பு வறுமையினால் கருகுவதைப் பஷீர் மிகச் சில பக்கங்களில் சொல்லி முடித்துவிடுகிறார். சோவியத் பதிப்பகங்களின் வழியாக மலிவு விலையில் தமிழுக்கு வந்த சிங்கிஸ் ஐத்மாத்தவின் ‘முதல் ஆசிரியர்’, கிர்கீசியப் புல்வெளியில் அரைகுறைப் படிப்போடு பள்ளி தொடங்கிய ஓர் இளைஞனையும், அவனால் கல்வி பெற்று உயர்ந்த அல்தினாய் என்ற அநாதைச் சிறுமியையும் காட்டுகிறது. இரண்டுமே நம் கிராமங்களுக்கு அந்நியமானவை அல்ல.

மூன்று ஆட்சேபங்கள்

இந்நூல்களில் சில இளையோருக்கு மிகக் கடுமையானவை என்பது முதல் ஆட்சேபம். கடுமையான விஷயம் என்பதும், கடுமையை ருசித்துக் காட்டுதல் என்பதும் ஒன்றல்ல. பூமணியும் அசோகமித்திரனும் துன்பத்தைக் காட்டுவது அதன் காரணத்தை வாசகர் ஆராய்வதற்காகவே. கிளர்ச்சியூட்டுவதற்காகக் கொடுமையை நீட்டிக்கிற நூலையே விலக்க வேண்டும். இன்ன நூல் இன்ன வயதுக்கு என்று கணித விதி வகுக்க இயலாது. 13 வயதில் ‘ஆயிஷா’வைத் தாங்கும் மனம் 17 வயதில் ‘கூளமாதாரி’யைத் தாங்கும் என்று படிப்படியாகச் செல்லுவதே விவேகம். அண்மையில் இழப்பையோ வன்கொடுமையையோ அனுபவித்த பிள்ளைக்கு அதே விஷயத்தைப் பேசும் நூலைக் கொடுக்குமுன் அருகில் ஒருவர் இருப்பதை உறுதிசெய்துகொள்ளல் வேண்டும்.

வட்டார வழக்கு புரியாது என்பது இரண்டாவது ஆட்சேபம். பாடநூலின் எழுத்துத் தமிழை மட்டுமே பழகிய நகரத்துப் பிள்ளைக்கு முதல் இருபது பக்கங்கள் சிரமமாக இருக்கும் என்பது உண்மை. அப்பக்கங்களை ஒருவர் வாய்விட்டு வாசித்துக் காட்டினால் அச்சிரமம் தீரும். மறுபுறம், கோவில்பட்டியிலோ திருச்செங்கோட்டிலோ மார்த்தாண்டத்திலோ வளருகிற பிள்ளை, தன் வீட்டுப் பேச்சு அச்சில் ஏறியிருப்பதை முதன்முறையாகக் காணும்போது பெறுகிற தன்னம்பிக்கைக்கு ஈடாக வேறெதையும் சொல்லமுடியாது. இலக்கியம் என்பது தனக்கும் தன் ஊருக்கும் அப்பாற்பட்ட பொருளன்று என்பதை அப்பிள்ளை அன்றே அறிந்துகொள்ளுகிறது.

தேர்வுக்குப் படிக்கவே நேரம் போதவில்லை என்பது மூன்றாவது. இதற்குப் பெற்றோரையும் பள்ளிகளையும் நோக்கியே விடை சொல்ல வேண்டும். மற்றொருவரின் நிலையில் தன்னை வைத்துப் பார்க்கவும், முடிவு தெரியாத ஒரு விஷயத்தில் பொறுமையாக நிற்கவும், கேட்டதையெல்லாம் நம்பாமல் எடைபோடவும் வேறெந்தப் பாடத்திலும் இவ்வளவு விரிவான பயிற்சி கிடைப்பதில்லை. ஆனால் அந்தப் பயிற்சியையே மற்றொரு தேர்வாக மாற்றிவிடுவோமாயின் அதன் பயன் அழிந்துவிடும். கதைச் சுருக்கம் எழுதிவரச் சொல்லுவதும், ஆசிரியர் கூற வந்த நீதி யாது என்று வினவுவதும், வாசகரிடம் ஒப்படைக்கப்பட்ட தீர்ப்பை அவர் கையிலிருந்து பறிக்கும் செயல்களே ஆகும். சந்திரசேகரனின் இடத்தில் நீ என்ன செய்திருப்பாய், சிதம்பரத்தின் தகப்பன் செய்தது சரியா, லிஸி இன்னும் உரத்துப் பேசியிருக்க வேண்டுமா என்று கேட்டுவிட்டு, வரும் விடையைத் திருத்தாமல் கேட்டுக்கொண்டிருப்பதே பரிந்துரைத்தவரின் கடமை.

இங்கே குறிப்பிட்ட பத்து நூல்களையும் ஒரு பள்ளி நூலகம் நாலைந்து பிரதிகள் வீதம் வாங்கி, பூட்டிய அலமாரியில் வைக்காமல் கைக்கெட்டும் இடத்தில் வைத்து, வாரத்தில் ஒரு பாடவேளையை மதிப்பெண் இல்லாத வாசிப்புக்கு ஒதுக்குமாயின், அதற்காகும் செலவு ஒரு பள்ளியின் வருஷச் செலவில் மிகச் சிறிய பங்கே. அதைக் காட்டிலும் அரிதாகக் கிடைக்கக்கூடியது, இந்தப் பிராயத்தினர் உண்மையைத் தாங்குவார்கள் என்ற நம்பிக்கை. இந்நாவல்களை எழுதியவர்கள் தம் வாசகரை நம்பியே எழுதினார்கள். அவற்றை இளையோர் கையில் கொடுக்க வேண்டிய நாமும் அதே நம்பிக்கையோடு கொடுப்போமாயின், எதை வாசிப்பது என்று அடுத்த தலைமுறைக்குச் சொல்லும் தகுதியை அவர்கள் தாமாகவே பெற்றுவிடுவார்கள்.